தூங்கவிடாமல் அடித்தவள்

ஆயாக்கொட்டகையில் அவள் கையால் அடி வாங்காதவர்கள் குழந்தைகள் மட்டும்தான். தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி வாங்கியிருக்கிறார். ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் வாங்கியிருக்கிறார். ரப்பர் பால் வாளியைக் கம்பில் தொங்கவிட்டுப் போகிற வழியில் கூட்டாளியைப் பார்த்து ‘ஹோய்’ என்று குரல் கொடுத்த ஒருவன், வாளியோடு சாக்கடையில் விழுந்திருக்கிறான். தாய்மார்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அத்தனை பேரும் ஒரே குற்றத்துக்குத்தான் வாங்கினார்கள். தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிட்டார்கள். குழந்தைகளில் அவளிடம் அடி வாங்கியவள் நான் ஒருத்திதான். அதுவும் எழுந்ததற்காக இல்லை, தூங்கியதற்காக.

கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம், கித்தா தோட்டம் என்போம். வெள்ளைக்காரத் துரை. விடியுமுன்னே தப்படிக்கிற சத்தம் கேட்கும், எல்லோரும் பெரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டும், பேர் கூப்பிட்டுப் பால் வெட்ட அனுப்பிவிடுவார்கள். பள்ளிக்கூட வயது வராத பிள்ளைகளை அதற்கு முன்பே இருட்டோடு இருட்டாகத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டகையில் போட்டுவிட வேண்டும். தோளில் தூங்கியபடி வருகிற பிள்ளைகளை வாங்கி, துணித்தொட்டிலிலும் பாயிலும் தூக்கம் கலையாமல் கிடத்துவது அவள் வேலை. எங்களுக்கு அவள் பேர் தெரியாது. ஆயா என்போம். பெரியவர்கள் கொட்டகைக்காரி என்பார்கள், அவள் காதில் விழாத தூரத்தில் நின்று.

ஆள் நெடுநெடுவென்று இருப்பாள். இடது காது கிழிந்து இரண்டாகத் தொங்கும். யார் இழுத்தது, எதற்கு இழுத்தது என்று கேட்டவர்களுக்கு அடிதான் பதிலாகக் கிடைத்தது. அதனால் தோட்டத்தில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, தொட்டில்களுக்கு நடுவே பூனை மாதிரி நடப்பாள். பேச்சும் கிசுகிசுப்புத்தான். கெட்ட வார்த்தையைக்கூட கிசுகிசுத்துத்தான் சொல்வாள். அவற்றில் பாதிக்கு எனக்குக் கல்யாணமாகி வெகுநாள் கழித்துத்தான் அர்த்தம் தெரிந்தது.

“சோத்த இன்னொருத்தி வீட்ல வாங்கித் திங்கலாம். தூக்கத்த எவ வீட்ல போயி வாங்குவே?” என்பாள். “புள்ள தூங்குறப்ப சாமியே வந்தாலும் செருப்பக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டுத்தான் வரணும்,” என்பாள்.

கிராணி சாமியைவிடப் பெரியவர். அவர் சப்பாத்தைக் கழற்றவில்லை. பிள்ளைகளெல்லாம் கஞ்சி குடித்துவிட்டு அசந்திருந்த ஒரு மத்தியானம் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு உள்ளே வந்து, தொட்டில்களைச் சத்தம் போட்டு எண்ண ஆரம்பித்தார். ஒரு பிள்ளை எழுந்து வீறிட்டது. அதைக் கேட்டு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் கொட்டகையே ஒப்பாரி வீடாகிவிட்டது. அவள் மரியாதையாகத்தான் கூப்பிட்டாள். “ஐயா, கொஞ்சம் வெளிய வாங்க.” வெளியே வந்தவுடன் விட்டாள் ஒன்று. மூக்குக்கண்ணாடி கோழிக்கூண்டில் போய் விழுந்தது. பாசி வழுக்கிவிட்டதாக அவர் வீட்டில் சொல்லிக்கொண்டார். எந்தப் பாசிக்கு விரல் இருக்கிறது என்று அவர் சம்சாரம் கேட்டதாகச் சொல்லித் தோட்டமே சிரித்தது. பொம்பளையிடம் அறை வாங்கினேன் என்று துரையிடம் போய் எப்படிச் சொல்வது? மனசுக்குள் வைத்துக் கருவிக்கொண்டிருந்தார். அவள் வந்த பிறகு கொட்டகையில் பிள்ளை சாவது நின்றுபோயிருந்ததால் துரையும் அவளைப் பற்றி எதுவும் கேட்பதில்லை.

முன்பெல்லாம் பிள்ளைகள் செத்ததற்குக் காய்ச்சல் மட்டும் காரணமில்லை. ராத்திரி அழுகிற கைப்பிள்ளைக்கு நாக்கில் கடுகளவு அபினைத் தடவிவிடுகிற பழக்கம் சில பெண்களிடம் இருந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. பிள்ளை அழுதால் புருஷன் எழுந்து உதைப்பான். விடிந்தால் பெரட்டு. அவர்களும் மனுஷிகள்தானே. பாசாரில் ஒரு கடையில் கமுக்கமாகக் கிடைக்கும். கொட்டகைக்காரி இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து, கைப்பிள்ளையின் வாயை முகர்ந்து பார்க்காமல் வாங்க மாட்டாள். ஒருத்தியின் பிள்ளை வாயில் வாடை அடித்தது. பிள்ளையைப் பத்திரமாகப் பாயில் வைத்துவிட்டு வந்து, அவள் கூந்தலைப் பிடித்துப் பெரட்டுக்களம் வரைக்கும் இழுத்துப்போய், அத்தனை ஆண்களுக்கும் முன்னால் துடைப்பத்தால் சாத்தினாள். “இது தூக்கமாடி? சாவக் கூப்புட்டுப் பாய் விரிச்சுப் போட்டிருக்கியேடி!” அடி வாங்கியவளுக்கு உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. ஒருத்தரும் விலக்கப் போகவில்லை. அவள் கை வீச ஆரம்பித்தால் குறுக்கே போனவனுக்கும் பங்கு உண்டு.

இனி என் கதை. எனக்கிருந்த வியாதிக்கு இப்போது டாக்டர்கள் ஏதோ பேர் வைத்திருக்கிறார்களாம். என் பேரனுக்கும் அது வந்தது. வளர்ந்தால் போய்விடும், பயப்படாதீர்கள் என்று ஒரு பெண் டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பைக் கேட்க எங்கள் அம்மா இல்லாமல் போனாளே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. தூங்கிய கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து அலறுவேன். கண் திறந்திருக்கும், ஆனால் யாரையும் தெரியாது. பிறகு விழுந்து தூங்கிவிடுவேன். காலையில் கேட்டால் எதுவுமே நினைவிருக்காது.

ஒரே வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு பலகைச் சுவர்தான். அதுவும் கூரைவரை எட்டாது. இந்தக் கோடியில் ஒருவன் இருமினால் அந்தக் கோடியில் ஒருவன் திட்டுவான். நான் அலறினால் லயம் முழுக்க விழித்துக்கொண்டு அப்பாவை ஏசும். அப்பாவுக்கு ரோஷம். ரோத்தான் பிரம்பை எடுத்துவிடுவார். அடித்து எழுப்பப் பார்ப்பார். அடிக்க அடிக்க நான் இன்னும் அலறுவேன். இதெல்லாம் அம்மா பிற்பாடு சொன்னது. எனக்குத் தெரிந்ததெல்லாம் விடிந்தால் தொடையில் வரி வரியாக வீங்கியிருக்கும் என்பதுதான். “நான் எங்கம்மா விழுந்தேன்?” என்று கேட்பேன். அம்மா எண்ணெய் தடவுவாள், வாய் திறக்க மாட்டாள். எல்லாப் பிள்ளைகளும் காயத்தோடுதான் எழுந்திருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். தூங்கினால் காயம் வருகிறது, ஆகவே தூங்கக்கூடாது என்று ஆறு வயதில் நானாக ஒரு முடிவுக்கு வந்தேன்.

கொட்டகையில் மத்தியானம் எல்லாப் பிள்ளைகளும் தூங்க, நான் மட்டும் கையைக் கிள்ளிக்கொண்டு கண் விழித்துக் கிடந்தேன். தன் கொட்டகையில் ஒரு பிள்ளை தூங்காமலிருப்பது அவளுக்குப் பெரிய மானக்கேடு.

“ஏன்டி தூங்க மாட்டேங்குறே?”

“தூங்கினா ரத்தம் வரும் ஆயா.”

பாவாடையைத் தூக்கிப் பார்த்தாள். பக்கத்தில் படுத்து, கையை என் முதுகில் வைத்தாள். அதற்குப் பிறகு எவ்வளவு கிள்ளிக்கொண்டாலும் முடியவில்லை, தூங்கிப்போனேன். அங்கேயும் அலறினேனாம். அவள் என்னைத் தொடவில்லை, கூப்பிடவில்லை. அடங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போர்த்திவிட்டாளாம்.

அன்று சாயங்காலமே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“எம் புள்ள, நான் அடிப்பேன். நீ யாருடி கேக்க?” என்றார் அப்பா.

“முழிச்சிருக்கற புள்ளைய அடிச்சா நான் கேக்கல. தூங்குற புள்ளைய அடிக்காத. எதுக்கு அடி விழுதுன்னே அதுக்குத் தெரியாதுடா.”

“லயமே முழிச்சுக்கிட்டு ஆளாளுக்கு ஏசுறானுங்க. நான் என்னா பண்ணட்டும்?”

“கத்தட்டும். அதுவாக் கத்தி அதுவா அடங்கும். கை வெச்சா ஏறும்.”

அப்பா அவள் பிறப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். அவள் அடுப்பிலிருந்த சோற்றுப் பானையை எட்டி உதைத்தாள். எரிகிற கொள்ளிக்கட்டையை உருவி அப்பாவின் மீசைக்கு நேரே நீட்டினாள். மீசை பொசுங்கின நாற்றம் அடித்தது. அப்பா பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டார். கூட்டம் சிரித்தது.

நல்லது செய்யத்தான் வந்தாள். ஆனால் அவளிடம் பட்ட அவமானத்தை அப்பா எங்களிடம் தீர்த்துக்கொண்டார். அன்றைக்கு அம்மாவுக்கு ஒரு பல் போயிற்று. “இன்னொரு தடவ இவ கத்தினா, ரெண்டு பேரையும் ஆத்துல தூக்கி எறிஞ்சுடுவேன்,” என்றார். அவர் செய்யக்கூடியவர்தான். அம்மா, துடைப்பத்தால் அடி வாங்கினாளே, அவளைத் தேடிப்போய் அபின் வாங்கி வந்தாள். கைப்பிள்ளைக்குக் கடுகளவு என்றால் ஆறு வயதுக்கு மிளகளவு என்று தானே ஒரு அளவு போட்டுக்கொண்டாள்.

சில நாட்கள் எங்கள் வீட்டில் சொர்க்கம்தான். நான் மூச்சுவிடாமல் தூங்கினேன். லயமும் தூங்கியது. அப்பா அம்மாவுக்கு மல்லிகைப்பூகூட வாங்கி வந்தாராம். அதன் பிறகு ஒரு விடியற்காலையில் மருந்து பலிக்காமல் அலறிவிட்டேன். அப்பா எழுந்து அம்மாவின் வயிற்றில் மிதித்தார். அம்மா பதறிப்போய் இன்னொரு உருண்டையை என் வாயில் திணித்தாள். தப்புச் சத்தம் கேட்டது. துவண்டு தொங்கிய என்னைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைக்கு ஓடினாள்.

கொட்டகைக்காரி கைப்பிள்ளைகளின் வாயைத்தான் முகர்வாள். ஆறு வயதுக்காரிக்கு எவளும் அபின் கொடுப்பாள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நான் அசந்து தூங்குவதைப் பார்த்ததும் அவளுக்குப் பூரிப்பு.

“ராத்திரி நல்லாத் தூங்கினாளா?”

“தூங்கினாக்கா,” என்றாள் அம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு.

காற்று வருகிற மூலையில் பாய் விரித்து என்னைப் படுக்கவைத்தாள். பக்கத்தில் விளையாட வந்த பிள்ளைகளை விரட்டினாள். கொக்கரித்த கோழியைக் கல்லால் அடித்தாள். கஞ்சி நேரத்தில் என்னை எழுப்பலாமா என்று கேட்ட தண்ணீர்க்காரனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாள். நான் செத்துக்கொண்டிருந்தேன், அவள் யாரும் தொந்தரவு செய்யாமல் காவல் காத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு தவழ்கிற பிள்ளைதான் என்னைக் காப்பாற்றியது. அது என் மார்மேல் ஏறி மூக்கைப் பிடித்து இழுத்தது. அதைத் தூக்க வந்தவள், நான் முகம்கூடச் சுளிக்காததைப் பார்த்தாள். என் கையைத் தூக்கி விட்டாள். பொத்தென்று விழுந்தது. குனிந்து வாயை முகர்ந்தாள்.

அந்தக் கொட்டகையில் அவள் முதல்முறையாக வாய்விட்டுக் கத்தினாள். எல்லாத் தொட்டில் பிள்ளைகளும் விழித்துக்கொண்டு அழுதன. திரும்பிப் பார்க்கவில்லை. என்னை முற்றத்துக்கு இழுத்துவந்து மழைத்தண்ணீர்ப் பீப்பாய்க்குள் தலையை முக்கி எடுத்தாள். தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுக்கவைத்தாள். கிராணி வீட்டு அடுப்படிக்குள் புகுந்து, அந்த அம்மாள் போட்டுவைத்திருந்த கடுங்காப்பியைப் பானையோடு தூக்கிவந்து, பல்லைப் பிளந்து ஊற்றினாள். கன்னத்தில் மாறி மாறி அறைந்தாள். அப்படியும் கண் செருகியபோது காலைத் தூக்கிப் பிடித்து உள்ளங்காலில் துடைப்பக்கட்டையால் விளாசினாள். “தூங்காதடி! தூங்காத! தூங்கினே, கொன்னுடுவேன்!”

இங்கிருந்து எனக்கே நினைவிருக்கிறது. அந்தக் குரல்தான் முதலில். பிறகு கால் எரிந்தது. பிறகு வெயிலும், சேறும், என் முகத்துக்கு மிக அருகில் கண்ணும் மூக்கும் ஒழுகிக்கொண்டிருந்த அவள் முகமும். “தூக்கம் வருது ஆயா, கொஞ்சநேரம் படுத்துக்கறேன் ஆயா,” என்று கெஞ்சினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தத் தூக்கம்போல் இனிப்பான ஒன்றை இத்தனை வயதுக்கு நான் ருசித்ததில்லை. காலையில் காயம் இருக்குமோ என்ற பயம்கூட அதில் இல்லை. அதற்குள் போகவிடாமல் அவள் என்னை அடித்து அடித்து வெளியே இழுத்தாள். அவளை நான் வெறுத்தேன். அவள் சாக வேண்டும் என்று நினைத்தேன்.

பால் நிறுக்கிற நேரம். வெட்டு முடிந்து வந்தவர்கள் கண்டது, ஒரு பொம்பளை ஒரு சின்னப் பிள்ளையைச் சேற்றில் போட்டு அடித்துக்கொண்டிருப்பதைத்தான். “இவளுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சுடா!” என்று நாலைந்து பேர் பாய்ந்தார்கள். அவள் ஒருவன் கையைச் சதை வரக் கடித்தாள். இன்னொருவன் முகத்தைப் பிறாண்டினாள். என்னென்னவோ சொன்னாள், அழுகையிலும் கோபத்திலும் யாருக்கும் புரியவில்லை. அவள் கையை முறுக்கிப் பின்னால் கட்டியவர்களில் அப்பாவும் ஒருவர். கிராணி வந்து, “தூணோட சேத்துக் கட்டுங்க,” என்றார். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவள் இவள், எனக்கு எப்போதோ தெரியும் என்றார்.

என்னை ஒருத்தி தூக்கிப்போய் மர நிழலில் படுக்கவைத்து, முந்தானையால் விசிறினாள். “பாவம், அடி வாங்கிக் களைச்சுப்போச்சு. தூங்கட்டும்.”

“படுக்கப் போடாதீங்கடி! நடக்க விடுங்கடி! செத்துரும்டி!” என்று தூணில் தலையை மோதிக்கொண்டு அவள் கதறினாள். யாராவது கேட்டால்தானே?

அப்போதுதான் அம்மா பால் வாளிகளோடு வந்தாள். என்ன நடந்தது என்று அங்கே அவளுக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் அப்பா அவளைக் கொன்றுபோடுவார், அவர் கையெட்டும் தூரத்தில்தான் நின்றார். சொல்லாவிட்டால் நான் போய்விடுவேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாளாம். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக அவள் தன்னைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. நான் எப்போதோ மன்னித்துவிட்டேன்.

இரண்டு வாளிப் பாலும் மண்ணில் கொட்டியது.

“அவள அவுத்து விடுங்க. அபின் குடுத்தது நான்தான்.”

ஒருவரும் அசையவில்லை. அம்மா கீழே கிடந்த துடைப்பக்கட்டையை எடுத்து, என் காலைத் தூக்கி, அவள் அடித்த அதே இடத்தில் ஓங்கி அடித்தாள். நான் வீறிட்டேன். இன்னொன்று அடித்தாள். அதைப் பார்த்த பிறகுதான் கூட்டத்துக்கு விஷயம் உறைத்தது. யாரோ தூணிலிருந்த கட்டை அவிழ்த்தார்கள்.

அப்பாவுக்கு உறைத்தது வேறு. “என் மானத்தை வாங்கிட்டியேடி,” என்று வாளி சுமக்கிற கம்பை எடுத்துக்கொண்டு அம்மாவின் மண்டையைக் குறிபார்த்து வந்தார். கட்டு அவிழ்ந்தவள் அதைக் குறுக்கே பிடித்துப் பிடுங்கினாள். ஒரே போடு. அப்பாவின் வலது மணிக்கட்டு பச்சைக் கம்பு முறிகிற மாதிரி முறிந்தது. அவர் விழுந்து துடிக்கையில் அவள் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. நேரே என்னிடம் வந்து ஒரு கக்கத்தில் கை கொடுத்தாள். இன்னொரு கக்கத்தில் அம்மா. இரண்டு பேருமாக என்னைப் பொழுது சாயும்வரை நடக்கவைத்தார்கள், அறைந்தார்கள், கிள்ளினார்கள். கடைசியில் நான் அவள் கையைக் கடித்தேன். அவள் சிரித்தாள். “இனிமே தூங்கலாம்,” என்றாள்.

கிராணிக்கு இந்த ஒரு நாள் போதாதா? பால் மண்ணில் போனது, நல்ல வெட்டுக்காரன் ஒருவனின் கை போனது, இரண்டையும் துரையிடம் போய்ச் சொன்னார். உயிரோடிருக்கிற பிள்ளையைப் பற்றிச் சொல்ல அவருக்கு மறந்துவிட்டது. விடிந்தவுடன் அவள் தோட்டத்தைவிட்டுப் போய்விட வேண்டும் என்று உத்தரவாயிற்று.

அன்று இரவு என்னையும் அம்மாவையும் கொட்டகையிலேயே படுக்கவைத்தாள். நான் வழக்கம்போல் அலறினேனாம். என்னைப் பிடித்து உலுக்கப்போன அம்மாவின் கையை அவள் பிடித்துக்கொண்டாள். அலறினேன், அடங்கினேன், தூங்கினேன். அப்படித்தான் அம்மா கற்றுக்கொண்டாள். அதற்குப் பிறகு அப்பா என்னைத் தூக்கத்தில் தொட்டதில்லை. கை முறிந்ததாலா, கொள்ளிக்கட்டை ஒன்றை அம்மா தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்ததாலா, தெரியாது.

அப்பா என்னை எத்தனையோ ராத்திரி அடித்திருக்கிறார். ஒரு அடிகூட எனக்கு நினைவில்லை. இவள் அடித்தது ஒரே ஒரு பகல். அதில் ஒரு அடிகூட மறக்கவில்லை. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று சும்மா சொல்வார்கள். எனக்கு அது நிஜமாகவே நடந்தது. அவளை நினைத்தால் இப்போதும் முதலில் பயம்தான் வருகிறது. பாசம் அதற்குப் பின்னால்தான்.

காலையில் அவளைக் கிள்ளான் ஸ்டேஷனில் கொண்டுபோய்விட ஒரு மாட்டுவண்டி வந்தது. ஒரே ஒரு துணிமூட்டைதான் வைத்திருந்தாளாம். வழியனுப்ப வேறு யாரும் வரவில்லை. அம்மா மட்டும் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியடியில் போய் நின்றாள். நான் நல்ல தூக்கத்தில் இருந்தேன். கால் இரண்டும் வீங்கிப்போய்த் துணி சுற்றியிருந்தது. கடைசியாக ஒரு தரம் நான் அவளைக் கண்ணால் பார்க்கட்டும் என்று அம்மாவுக்கு ஆசை. என் முதுகைத் தட்டி, “குட்டி, எந்திரிம்மா, ஆயா போறா...” என்று ஆரம்பித்தாள்.

பளாரென்று ஒரு அறை விழுந்தது.

“எழுப்பாதடி,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்துவிட்டு, அவள் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

நான் கண் விழித்தபோது உச்சி வெயில். கொட்டகையில் வேறு யாரோ ஒருத்தி பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருந்தாள்.

“ஆயா எங்கம்மா?” என்றேன்.

அம்மா வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டே, “போயிட்டா. நீ தூங்கிக்கிட்டிருந்தே,” என்றாள்.